மாமி வீட்டு முற்றத்தில் கேட்டது

எங்கள் சபைக் கோபுரத்தில் நான்கு திசைக்கும் நான்கு குழாய் ஸ்பீக்கர்கள் உண்டு. கிழக்கே பார்த்திருக்கும் ஸ்பீக்கரின் சத்தம் நேராக மாமி வீட்டு முற்றத்தில்தான் போய் விழும். கிறிஸ்மஸ் மாதத்தில் விடியுமுன் கீர்த்தனை போட்டால் மாமி எழுந்து முற்றம் பெருக்கத் தொடங்கிவிடுவார். எனக்குத் தனியா அலாரம் எதுக்கு என்று சிரிப்பார். போன வருடம் மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனையில் பரிந்து ஜெபிக்கும் நேரத்தில், அதே ஸ்பீக்கரில் மாமியின் பெயர் போனது. வீட்டுப் பெயரோடு, முழுப் பெயர். "ஆண்டவரே, இந்த மகளின் கண்களைத் திறந்தருளும்" என்றார் ஜெபித்தவர். மூன்றாவது வரிசையில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்த நான் கண்ணைத் திறந்துவிட்டேன். பத்தே முக்கால் மணி. அந்நேரத்தில் மாமி திண்ணையில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருப்பார் என்பது எனக்குத் தெரியும்.

மாமி இந்து. வருடந்தோறும் மாசிக்கொடைத் திருவிழாவுக்கு மண்டைக்காடு பகவதி கோயிலுக்குப் போகிறவர். முட்டு வலி வரும்வரை இருமுடி கட்டி நடந்தே போனவர். திங்கள்சந்தைக்குப் பக்கத்தில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு வேலிதான், அதுவும் பாதி கிளுவை, பாதி செம்பருத்தி. அவர் பெயர் அந்த ஸ்பீக்கருக்கு எப்படிப் போனது என்றால், நான்தான் காரணம்.

அந்த வாரம் எங்கள் சபையில் சுவிசேஷ வாரம். நாலு பேர் கொண்ட குழுக்களாகப் பிரிந்து வீடு வீடாகப் போய்க் கைப்பிரதி கொடுக்க வேண்டும். எங்கள் குழுவில் நான், பெண்கள் ஐக்கியத்தைச் சேர்ந்த இன்னும் இருவர், ஒரு கல்லூரிப் பையன். பையன் நல்ல பையன். வெயிலில் சட்டை நனைந்து ஒட்டினாலும் சலிக்காமல் நடந்தான். மாமி வீட்டுத் திண்ணையில் ஏறியதும், பயிற்சியில் சொல்லிக் கொடுத்தபடியே, "பாட்டி, இயேசுவைப் பத்திக் கேள்விப்பட்டிருக்கீங்களா?" என்று ஆரம்பித்தான். எனக்கு எங்கே போய் முகத்தை வைப்பது என்று தெரியவில்லை. 2011 கணக்கெடுப்பின்படி எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஏறத்தாழ 47 சதவீதம் பேர் கிறிஸ்தவர்கள்; இந்துக்கள் 49-க்கும் சற்றுக் கீழே. எங்கள் ரோட்டில் ஒரு கிலோமீட்டருக்குள் சி.எஸ்.ஐ., கத்தோலிக்கம், இரட்சணிய சேனை, பிறகு பெயர்ப்பலகை மாறிக்கொண்டே இருக்கும் பெந்தெகொஸ்தே சபைகள் இரண்டு. இங்கே இயேசுவைக் கேள்விப்படாமல் இருக்கவேண்டுமென்றால் அதற்குத் தனியாக முயற்சி எடுக்க வேண்டும்.

மாமி கோபப்படவில்லை. மிஷன் பள்ளியில் படித்தவர். கையை மடியில் கட்டிக்கொண்டு, "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்" என்று தொடங்கி, "நீடித்த நாட்களாய் நிலைத்திருப்பேன்" வரை ஒரு சொல் விடாமல் சொல்லி முடித்தார். "இதத் தப்பாச் சொன்னா ஸ்கேலால அடி, கேட்டியா" என்றார். எங்களுக்குச் சாயா போட்டுத் தந்தார். பையன் உருகிப்போனான். திரும்பி வந்து அறிக்கைத் தாளை நிரப்பினான். சந்தித்த வீடுகள், கொடுத்த கைப்பிரதிகள், ஜெபிக்க அனுமதித்தவர்கள், ஆர்வம் காட்டியவர்கள் என்று அதில் நான்கு கட்டங்கள். கடைசிக் கட்டத்தில் மாமியின் பெயரை எழுதினான். நான் பார்த்தேன். கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவள் நான். தப்பான பத்தியில் எழுதியதைப் பார்த்தால் கை தானாக அடிக்கப் போகும். அன்றைக்குப் போகவில்லை. அவன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

ஞாயிற்றுக்கிழமை அது எண்ணாகவும் பெயராகவும் வெளியே வந்தது.

பிடி அரிசி

எங்கள் வீட்டில் ஒரு பால்மாவு டின் இருந்தது. ஒவ்வொரு வேளையும் உலையில் அரிசி போடுமுன் அம்மா ஒரு பிடி எடுத்து அதில் போடுவார். மாதக் கடைசியில் பெண்கள் ஐக்கியத்தில் எல்லா வீட்டு அரிசியும் சேர்ந்து, விற்று, அந்தப் பணம் வட இந்தியாவில் ஊழியம் செய்யும் மிஷனெரிகளுக்குப் போகும். குமரி மாவட்டத்திலோ நெல்லையிலோ சபை வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. எங்களுக்கே கஞ்சி தண்ணீராக இருந்த நாட்களில்கூட அந்த டின்னில் கை வைத்தது கிடையாது. அது ஆண்டவருடைய அரிசி. ஒருமுறை புளிய மர நிழலில் சோறு பொங்கி விளையாட அதிலிருந்து ஒரு கை அள்ளினேன். அன்றைக்கு வாங்கிய அடி இப்போதும் நினைவிருக்கிறது.

1982 மார்ச்சில் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் மோதிக்கொண்ட மண்டைக்காட்டுக் கலவரம். எனக்கு எட்டு வயது. அந்த வரலாற்றை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று எண்ணிக்கை கேட்பார்கள். எனக்கு நினைவிருப்பது அடைத்துக் கிடந்த கடைகளும், இரவில் விளக்கு ஏற்றாமல் உட்கார்ந்திருந்ததும்தான். மாமியின் வீட்டுக்காரர் நாகர்கோவிலில் மாட்டிக்கொண்டார், பஸ் இல்லை. மாமியிடம் கைக்குழந்தையோடு மூன்று பிள்ளைகள். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, அம்மா எங்கள் அரிசிப் பானையைப் பார்த்தார், பிறகு டின்னைப் பார்த்தார். டின்னைத் தூக்கி முந்தானையில் கொட்டி, வேலிக்கு மேலே நீட்டினார். அந்தப் பக்கம் மாமியின் முந்தானை.

கலவரம் அடங்கியபின் அம்மா என்ன செய்தார் என்பதுதான் எனக்கு முக்கியம். அடுத்த இரண்டு மூன்று மாதம் வேளைக்கு ஒரு பிடிக்குப் பதில் இரண்டு பிடி போட்டு, எடுத்த அரிசியைத் திருப்பி நிரப்பினார். கடன் வாங்கியவர் அடைப்பதைப் போல. அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தது வேறு கணக்கு, ஆண்டவருக்குக் கொடுப்பது வேறு கணக்கு. அன்றைக்கு அதை அம்மாவின் நேர்மை என்று நினைத்தேன். நேர்மைதான். ஆனால் அந்த இரண்டு கணக்கைப் பற்றித்தான் ஒரு வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சொல்லாமல் இருந்திருந்தால்

சுவிசேஷம் சொல்வதா சபையின் முதல் வேலை, அல்லது பள்ளியும் ஆஸ்பத்திரியும் பசித்தவனுக்குச் சோறுமா என்ற வழக்கு எங்கள் கமிட்டி மேசைக்கு வருடத்துக்கு ஒருமுறை, பட்ஜெட்டின்போது வரும். உலக அளவிலும் தீராத வழக்கு அது. 1974-ல் சுவிட்சர்லாந்தின் லொசானில் கூடிய உலக சுவிசேஷ மாநாடு, இரண்டும் கிறிஸ்தவக் கடமைதான் என்று எழுதிவிட்டு, சபையின் பணியில் சுவிசேஷ அறிவிப்பே முதன்மை என்றும் சேர்த்து எழுதியது. எங்கள் ஆயர் இதையே வேறு மாதிரிச் சொல்வார்: "'நீங்கள் புறப்பட்டுப்போய், சகல ஜாதிகளையும் சீஷராக்கி' என்று இருக்கிறது. புறப்படாத சபை வெறும் மனமகிழ் மன்றம்." மாமியின் பெயரை மைக்கில் சொன்னதைக் கேள்வி கேட்க நான் அவரிடம் போனபோதும் இதைத்தான் சொன்னார். அவர் கெட்ட மனிதர் அல்ல. நள்ளிரவில் போன் செய்தாலும் ஆஸ்பத்திரிக்கு வருவார்.

அவர் சொல்வதை நான் ஒதுக்கிவிடவும் முடியாது. அம்மாவின் பாட்டிக்குப் பாட்டி, தோளில் துணி போட்டால் சந்தையில் கிழித்தெறியப்பட்ட காலத்தில் பிறந்தவள். 1859-ல் திருவிதாங்கூர் அரசின் அறிவிப்பு வரும்வரை அந்தத் தோள்சீலைச் சண்டை ஓயவில்லை. ரவிக்கை போடலாம், எழுதப் படிக்கலாம், நீயும் தேவ சாயல்தான் என்று யாரோ அவளிடம் வந்து சொல்லியிருக்கிறார்கள். சொல்லாமல் இருந்திருந்தால் நான் கணக்கெழுத்தராக உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். ஆகவே "மதத்தைப் பேசாதீர்கள், சேவை மட்டும் செய்யுங்கள்" என்று யாராவது இதமாகச் சொன்னால் எனக்கு எரிச்சல்தான் வரும். அவர்களுடைய பாட்டிக்கு யாரும் எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை.

ஆனால் இந்த மண்ணில் அந்தச் செய்தி வந்த விதத்தைக் கொஞ்சம் பாருங்கள். இந்தப் பக்கத்தின் முதல் சீர்திருத்தக் கிறிஸ்தவர்களில் ஒருவரான மயிலாடி வேதமாணிக்கம் வீட்டுக்கு யாரும் கைப்பிரதியோடு வரவில்லை. மனம் ஆறாமல் சிதம்பரத்துக்கு யாத்திரை போனவர், தஞ்சாவூரில் கேட்டுத் தெரிந்துகொண்டு ஊர் திரும்பினார். பிறகு எங்களுக்கு ஒரு ஆள் வேண்டும் என்று இவர்தான் போய்க் கேட்டார். 1806-ல் மிஷனெரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தது அப்படித்தான். வந்தவரும் ஆள் சேர்க்கத் துடிக்கவில்லை. வரிச்சுமையிலிருந்தும் கட்டாய வேலையிலிருந்தும் தப்பத்தான் இவர்கள் வருகிறார்களோ என்ற சந்தேகம் அவருக்குக் கடைசிவரை இருந்தது. அந்தக் கட்டாய வேலைக்குத் திருவிதாங்கூரில் என்ன பெயர் தெரியுமா? ஊழியம். கூலி இல்லாமல் அரசாங்கத்துக்கு உழைக்க வேண்டிய ஊழியம். அதிலிருந்து விடுதலை கேட்டு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள், இன்றைக்கு எங்களுக்குப் பிடித்த வேலைக்கு அதே பெயரை வைத்திருக்கிறோம். "நான் ஊழியத்தில் இருக்கிறேன்" என்று யாராவது பெருமையாகச் சொல்லும்போது எனக்கு உள்ளுக்குள் ஒரு சிரிப்பு வரும். சபையில் சிரிக்க முடியாது.

நெய்யூர் எங்களுக்கு நடக்கும் தூரம். சோமர்வெல் டாக்டர் 1922-ல் எவரெஸ்ட் ஏறப் போய்விட்டு, திரும்பும் வழியில் நெய்யூர் ஆஸ்பத்திரியில் காத்துக்கிடந்த கூட்டத்தைப் பார்த்தார். லண்டனில் காத்திருந்த வேலையை விட்டுவிட்டு இங்கேயே வந்துவிட்டார். இடையில் 1924-ல் இன்னொரு முறை எவரெஸ்ட்டுக்குப் போனதைத் தவிர, இருபது ஆண்டுகளுக்கு மேல் நெய்யூர்தான். அறுவை சிகிச்சை மேசையில் அவர் செய்தது சுவிசேஷமா, சேவையா என்று அங்கே யாரும் பத்தி பிரித்து எழுதியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. இன்றைக்கு எங்களிடம் பத்திகள் சுத்தமாக இருக்கின்றன. சுவிசேஷ நிதி தனி, பள்ளி தனி, ஆஸ்பத்திரி தனி. ஒரு பக்கம் வேலைக்கு நன்கொடை கேட்பார்கள், சபைத் தேர்தலில் அணி கட்டுவார்கள், கோர்ட்டுக்கும் போவார்கள். மறுபக்கம் மே மாதம் கைப்பிரதி கொடுப்பார்கள். இரண்டையும் பார்ப்பது அதே ஊர்க்காரர்கள்தான் என்பது எந்த அறிக்கையிலும் வராது.

என் சித்தப்பா மகன் வட இந்தியாவில் ஒரு பழங்குடிக் கிராமத்தில் மிஷனெரி. எங்கள் பிடி அரிசியில் சம்பளம் வாங்குகிறவன் என்று அவனைக் கேலி செய்வேன். மாமியின் விஷயத்தை அவனிடம் போனில் சொன்னேன். என் பக்கம் பேசுவான் என்று எதிர்பார்த்தேன். "அக்கா, நீங்க தேவையில்லாம சொல்றதையே குற்றமா நினைக்கிறீங்க. சொல்லத்தான் என்னை அனுப்பினீங்க" என்றான். கொஞ்சம் நேரம் கழித்து, "ஆனா இங்க வந்து முதல் ரெண்டு வருஷம் நான் ஒண்ணும் சொல்லல்ல. பாஷை தெரியாதே. தண்ணி எடுக்கவும் மாடு பத்தவும் அவங்ககூடப் போனேன். அந்த ரெண்டு வருஷத்துக்கும் நான் அனுப்பின அறிக்கையில பூஜ்யம்தான்" என்றான். அந்தப் பூஜ்யத்துக்காக மிஷன் அலுவலகத்திலிருந்து ஏதாவது கேட்டார்களா என்று கேட்டேன். சிரித்தான்.

திண்ணை

ஸ்பீக்கரில் பெயர் போன மூன்றாம் நாள்தான் மாமி வீட்டுக்குப் போக எனக்குத் தைரியம் வந்தது. வேலி வழியாகப் போகாமல் ரோட்டைச் சுற்றி, கேட் வழியாகப் போனேன். ஏன் என்று தெரியாது. மாமி முறத்தில் மிளகு காயப் போட்டுக்கொண்டிருந்தார்.

"வா மக்கா. கண்ணு ரெண்டும் ஆப்பரேஷன் பண்ணியாச்சு. இன்னும் என்னத்தத் திறக்கணும்?" என்றார்.

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். மஸ்கட்டில் இருக்கும் மகன் போன் செய்தானாம். ஊரில் யாரோ அவனுக்குச் சொல்லிவிட்டார்கள். அண்ணன் மனைவி வந்து, வயதான காலத்தில் வேதத்தில் சேரப் போகிறாயாக்கும் என்று கேட்டுவிட்டுப் போனாராம். கோயில் கமிட்டியில் இருக்கும் இரண்டு பையன்கள் வந்து, உங்களை யாராவது கட்டாயப்படுத்தினார்களா, எழுதித் தாருங்கள் என்றார்களாம். அதைக் கேட்டதும் எனக்கு வயிறு கலங்கியது. 1982-ஐப் பார்த்தவர்களுக்கு அந்த "எழுதித் தாருங்கள்" எங்கே போய் முடியும் என்பது தெரியும். "எழுதல்ல" என்றார் மாமி. "சாயா வேணுமான்னு கேட்டேன். ரெண்டு கூட்டத்துக்கும் சாயா போட்டே எனக்கப் பால் தீந்துச்சு."

பிறகு மிளகைக் கையால் பரத்திக்கொண்டே சொன்னார். "ஜெபிச்சது தப்பில்ல. எனக்க கண்ணு ஆப்பரேஷன் அன்னைக்கு உனக்க அம்மை ராத்திரி முழுக்க ஜெபிச்சா. அது அவளுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். இது ஊருக்கெல்லாம் தெரிஞ்சுபோச்சு, எனக்குத்தான் கடைசியாத் தெரிஞ்சுது."

அதற்கு மேல் பேச்சு அம்மாவைப் பற்றிப் போனது. கலவரத்து அரிசியைப் பற்றி மாமியே எடுத்தார். அம்மா அந்த அரிசியைத் திருப்பி நிரப்பியது எனக்கு மட்டுமே தெரிந்த ரகசியம் என்று நினைத்திருந்தேன். மாமிக்குத் தெரிந்திருக்கிறது. "ஒரு நாள் அவளே சொன்னா. மிஷனெரி அரிசி அது, கடனை அடச்சிட்டேன்னா. ஆருக்குக் கடன், எனக்குத் தந்தது ஆண்டவருக்குத் தராததான்னு கேட்டேன். அவ ஒண்ணும் சொல்லல்ல. ஆனா மறுநாள் மரச்சீனி அவிச்சுக் கொண்டு வந்தா." மாமி சிரித்தார். நான் சிரிக்கவில்லை. நாற்பது வருடமாக எனக்குக் கேட்கத் தெரியாத கேள்வியை, சபைக்கு வெளியே இருக்கும் ஒருத்தி வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு அம்மாவிடமே கேட்டிருக்கிறாள்.

எழுந்து புறப்படப் போனேன். அப்போதுதான் மாமி கேட்டார்: "உனக்க அம்மை கடைசி ராத்திரி பயந்தாளா?"

அம்மா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அடக்கத்துக்கு வந்த நூற்றுக்கணக்கான பேரில் ஒருவர்கூட இதைக் கேட்கவில்லை. சமாதானமாகப் போனார்கள், கர்த்தருக்குள் நித்திரை அடைந்தார்கள் என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள். ஆயரும் பிரசங்கத்தில் அப்படித்தான் சொன்னார். உண்மை என்னவென்றால், அம்மா பயந்தார். லைட்டை அணைக்க விடவில்லை. என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. மூன்று மணி இருக்கும், பாடு என்றார். பாடினேன். கொஞ்சம் கொஞ்சமாகப் பிடி தளர்ந்தது. அது பாட்டினாலா, களைப்பினாலா என்று எனக்குத் தெரியாது. இதை மாமியிடம் அப்படியே சொன்னேன். "மரண இருளின் பள்ளத்தாக்கிலே நடந்தாலும் பொல்லாப்புக்குப் பயப்படேன்" என்று சின்ன வயதிலிருந்து சொல்லி வந்த அம்மா பயந்தார்கள், ஆனாலும் பாடச் சொன்னார்கள், அந்த அறையில் எங்கள் இரண்டு பேருக்கும் மேல் யாரோ இருந்தது போல எனக்கு இருந்தது என்று சொன்னேன். அந்தக் கடைசி வரியை என் வீட்டுக்காரரிடம்கூட நான் சொன்னது கிடையாது. மைக்கில் சாட்சி சொல்லக் கூப்பிட்டால் நிச்சயமாகச் சொல்ல மாட்டேன்.

மாமி நெடுநேரம் பேசவில்லை. அவருக்கும் எண்பது நெருங்குகிறது. "எனக்கும் ராத்திரி லைட்டு வேணும்" என்றார். அவ்வளவுதான். அவர் சேரவும் இல்லை, மாறவும் இல்லை; இந்த வருடம் மாசிக்கொடைக்கு நான்தான் ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டேன்.

பேதுருவின் நிருபத்தில் "விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்று ஒரு வசனம் உண்டு. ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடம் செய்தது. அதில் "கேட்கிற" என்ற சொல் இருப்பதை அன்றைக்குத் திண்ணையிலிருந்து வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் கவனித்தேன். சுவிசேஷம் சொல்வது சபையின் மையமா என்று இப்போது என்னைக் கேட்டால், ஆம் என்றுதான் சொல்வேன், ஆயர் நினைப்பதைவிடக் கொஞ்சம் பிடிவாதமாகவே சொல்வேன். ஆனால் எங்களை யாராவது எதையாவது கேட்கும்படி நாங்கள் இருக்கிறோமா என்பதை எந்தக் கமிட்டியும் இதுவரை நிகழ்ச்சி நிரலில் வைத்ததில்லை. கேட்காதவர்களுக்குச் சொல்லவே கூடாதா என்று என் தம்பி திருப்பிக் கேட்பான். அந்தக் கிராமத்தில் அவன் நிற்கிற இடத்தில் நின்றால் எனக்கும் அப்படித்தான் தோன்றும். அதற்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை.

மைக் விஷயத்தை மட்டும் கமிட்டியில் எழுப்பினேன். அரசியலமைப்பின் 25வது பிரிவில் மதத்தைப் பரப்பும் உரிமை இருக்கிறது என்றார் ஒருவர். இருக்கிறது, 1977-ல் உச்ச நீதிமன்றம் அந்த உரிமையில் இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அடங்காது என்றும் சொன்னது, 2000-த்தில் சென்னையில் ஒரு சபையின் வழக்கிலேயே, ஒலிபெருக்கி வைத்து அடுத்தவர் அமைதியைக் கெடுத்துத்தான் ஜெபிக்க வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்றது என்று நானும் சொன்னேன். சட்டம் பேசியது தப்பு. அறை இறுகிவிட்டது. கடைசியில், ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், "நம்ம வீட்டுப் பொம்பளப் பிள்ளைக்க பேரைக் கோயில் மைக்கில சொன்னா நமக்கு எப்படி இருக்கும்?" என்று மட்டும் கேட்டார். சபையார் அல்லாதவர் பெயரை வாசிப்பதில்லை, பரிந்து ஜெபிக்கும்போது வெளி ஸ்பீக்கரை அணைத்துவிடுவது என்று முடிவானது. அறிக்கைத் தாளும் நான்கு கட்டங்களும் அப்படியே இருக்கின்றன. இந்த மேயிலும் குழுத்தலைவி நான்தான்.

முடிவை எப்படிச் செயல்படுத்துகிறார்கள் என்று பார்க்க, போன ஞாயிறு நான் ஆராதனையின் நடுவில் எழுந்து வெளியே வந்தேன். முதல்முறையாக எங்கள் ஆராதனையை மாமி வீட்டு முற்றத்தில் நின்று கேட்டேன். பரிந்து ஜெபிக்கும் நேரம் வந்தது, ஸ்பீக்கர் நின்றது. காக்காவும், அடுத்த வீட்டு மிக்ஸியும். மாமி தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். பிறகு ஜெபம் முடிந்தது போலும், கரகரவென்று ஸ்பீக்கர் மறுபடி உயிர் பெற்றது. காணிக்கையாக வந்த பொருட்களின் ஏலம். "மட்டிப்பழம் ஒரு குலை, முந்நூறு ரூபாய்... முந்நூற்றைம்பது... முந்நூற்றைம்பது ஒருதரம்..."

மாமி துருவுவதை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தார். "நானூறுண்ணு சொல்லு மக்கா, ஓடு. நல்ல குலையாயிருக்கும், அது தெக்கு விளையில உள்ளதாக்கும்."